வெடிப்பு பார்க்கும் கம்பு

குளத்தூர் உப்பளத்து வேலையை விட்டுவிட்டு வேறு வேலை தேடி நடந்துகொண்டிருந்தேன். கால் கொப்பளித்ததும் கோவில்பட்டி பஸ்ஸில் ஏறினேன். முன் இருக்கையில் கையில் கம்போடு ஆடு மேய்க்கும் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள்.

"ஏட்டி, பனிக்கட்டி வெடிக்காதா?" என்றார் அவர்.

வெளிநாட்டில் பனித்தரையில் சறுக்கி ஆடும் போட்டியில் அவர்கள் மகள் ஆடுகிறாளாம். பார்க்க வரும்படி இருவரையும் கூப்பிட்டிருக்கிறாள்.

"அடியில சிமெண்டுத் தரையாம். வெடிக்காதாம்" என்றாள் மனைவி.

"நம்ம கரிசலும் தரைதான். கோடை வெடிப்புல ஆட்டுக் கால் மாட்டி ஒடியலையா? கம்பால குத்திப் பார்த்துட்டுத்தான் ஆட்டையே விடுதேன். அவ இறங்குறதுக்கு முன்ன அங்கனயும் குத்திப் பார்க்கணும்."

"கம்பை பிளேன்ல ஏத்த மாட்டாவ."

"அப்ப நான் வரலை. பிள்ளை விழுறதைப் பார்க்கவா அம்புட்டுத் தூரம்?"

"விழத்தான் செய்வா. எந்திரிச்சுப் பார்க்கையில நம்ம மூஞ்சி தெரிய வேண்டாமா?"

அவர் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எட்டயபுரம் தாண்டி ஒரு ஊரில் இறங்கும்போதுதான் கேட்டார்.

"ஆட்டை ஆரு மேய்க்க?"

மறுநாள் காலை அந்த ஊருக்குப் போய், அவர் வீட்டை விசாரித்து வேலை கேட்டேன். தாங்கள் திரும்பி வரும்வரை ஆடுகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கம்பை என் கையில் கொடுத்துவிட்டு, வெடிப்புள்ள இடங்களை ஒவ்வொன்றாக நடந்து காட்டினார்.