கோட்டைப் பக்கமிருந்து மூன்றாவது

— அருள்மலர், அந்தப் படத்தை ஈரத்துணியால துடைக்காதை எண்டு எத்தினை தரம் சொல்லுறது? ஒல்லாந்தர் கீறின திருகோணமலை வரைபடம் அது!

— படத்தையில்லை, கண்ணாடியைத்தான் துடைக்கிறன். இஞ்சருங்கோ, இதில எங்கட வீடு எது?

— வாற ஆக்கள் எல்லாருக்கும் காட்டுறன், உனக்குத் தெரியாதே? எங்கட றோட்டில மேலயிருந்து மூண்டாவது. கொமாண்டர் மாளிகை. ஒல்லாந்து எழுத்துக்குப் பக்கத்தில மகள் தமிழிலயும் எழுதி ஒட்டியிருக்கிறாளெல்லோ.

— எங்கட வீடு கோட்டைப் பக்கமிருந்துதானே மூண்டாவது?

— ஓம்.

— கோட்டை இதில கீழ கிடக்குது.

— துறைமுகக் கந்தோரில முப்பது வருசம் வரைபடத்தோட கிடந்தவன் நான். எனக்குப் படிப்பிக்காதை.

— முப்பது வருசமும் தலைகீழாத்தான் பாத்தீங்களோ? மாளிகை இருந்தது றோட்டின்ர மற்றத் தொங்கல்ல, அந்தக் கடைசியில. இப்ப அதில கோழிக்கடை.

— கண்ணாடி போட்டிட்டு வாசி.

— போட்டுத்தான் இருக்கிறன். கீழயிருந்து மூண்டாவது... பிள்ளை எழுதியிருக்கிறாள், "சிப்பாய்களின் பொதுக் கக்கூஸ்."

— மெல்ல! பக்கத்து வீட்டுக்குக் கேக்கப்போகுது.

— கேக்கட்டும்! ஒன்பது வருசம்! இந்த முழங்காலோட, மழைக்குள்ள குடை பிடிச்சுப் பின்வளவுக்கு நடக்கிறன். அறையோட ஒரு கக்கூஸ் கட்டுவம் எண்டா, "கொமாண்டர் சாஞ்சிருந்த சுவர், ஆணி அடிக்கவும் விடமாட்டன்" எண்டு நிண்டீங்கள். அவர் சாஞ்சவரே, குந்தினவரே?

— கேற்றுக்குப் பேர்க்கல்லும் எப்பவோ வெட்டக் குடுத்திட்டனப்பா. "கொமாண்டர் மாளிகை, சூசைப்பிள்ளை" எண்டு. ஞாயிறு பூசை முடிய ஃபாதர் வந்து திரை விலக்கிறார்.

— வடிவா விலக்கட்டும். நான் றஹ்மான் மேசனுக்கு இப்பவே கோல் எடுக்கிறன். நாளைக்கே சுவரை உடைச்சு வேலையைத் தொடங்கட்டும்.

— எடுக்காதை.

— இன்னும் என்ன பெருமை மிச்சம் கிடக்குது?

— அலுமாரி மேல்தட்டில, என்ர சேட்டுக்குக் கீழ ஒரு காயிதம் கிடக்குது. போன மாசம் வந்தது, வெக்கத்தில ஒளிச்சு வச்சிட்டன். பழைய கட்டடம் பாதுகாக்கிற கொழும்புக் கந்தோருக்கு நான்தான் வீட்டைப் பற்றி எழுதினனான், படத்தின்ர கொப்பியும் வச்சு.

— ஐயோ மாதாவே! அவையும் மேலயிருந்து எண்ணிப்போட்டினமே?

— இல்லையப்பா, அவை சரியா எண்ணியிருக்கினம். ஒல்லாந்தர் காலத்துக் கக்கூஸ் இலங்கையிலயே இது ஒண்டுதான் மிச்சமாம். இனி இதில ஒரு கல்லையும் தொடேலாதாம்.