காத்திருப்பு மையத்துக்கு ஒரு காலை அழைப்பு

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் தமிழ்ச் சங்கத் தலைவர் ஐயா செய்கு முகம்மது அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் நிறுவனத்தின் பொது மேலாளர் அவர்களே, அவர் காதருகே என் பேச்சை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கும் நண்பரே, சனிக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு முசஃபாவிலிருந்தும் அல் ஐனிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசை நாற்காலியில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்த கைப்பேசி இருக்கிறது. அதன் வழியாகக் கன்னியாகுமரிக் கடற்கரையில் தன் வீட்டிலிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் சகோதரி இன்பமணி அவர்களுக்கும், அவர் தோளில் சாய்ந்திருக்கும் மகள் அக்ஸாவுக்கும் தனியாக என் வணக்கம்.

என் பெயர் ஜெயபாரதி. அபுதாபியில் எங்கள் மின்சந்தையின் தலைமை மையத்தில் ஷிஃப்ட் பொறுப்பாளர். மறைந்த பொறியாளர் ஜஸ்டஸ் அவர்கள் அல் ஐனில் உள்ள எங்கள் காத்திருப்பு மையத்தின் பொறுப்பாளராக இருந்தவர்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரோடு சர்ச்சுக்குப் போனதைச் சொன்னார்கள். அவர் வைத்த மீன் குழம்பைச் சொன்னார்கள். நான் எதைச் சொல்வது? நான் அவரை நேரில் பார்த்ததே இல்லை. பத்து ஆண்டுகளுக்கு மேலாக நாள் தவறாமல் பேசியிருக்கிறேன், பார்த்ததில்லை. வாட்ஸப்பில் அவர் படம் இருக்க வேண்டிய இடத்தில் மகள் படம்தான் இருக்கும். மாலை போட்டு வைத்திருக்கிறோமே, இந்தப் படத்தில்தான் இன்று முதன்முதலாக அவர் முகத்தைப் பார்க்கிறேன். இவ்வளவு மீசை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் வேலை என்ன என்று இங்கே பலருக்குத் தெரியாது. மின்சாரத்தில் என்ன சந்தை, காய்கறியா விற்கிறீர்கள் என்று என் வீட்டிலேயே கேட்பார்கள். அதை ஜஸ்டஸ் அண்ணன் சொன்னதுபோல் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவர் ஊர் வழக்கப்படி என்னை 'மக்களே' என்றுதான் பாசமாகக் கூப்பிடுவார். "கடக்கரையில மீன் ஏலம் போடுவாங்கல்லா மக்களே, அதுதான் இதும். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. நாளைக்குப் பிடிக்கப் போற மீன இன்னைக்கே ஏலம் போட்டு முடிக்கணும். நாளைக்கு ஒருத்தனுக்கும் மீனு குறையவும் கூடாது, மிஞ்சவும் கூடாது."

அதேதான். ஒவ்வொரு நாளும் காலையில் வளைகுடா நாடுகளின் மின் நிலையங்கள் மறுநாளைக்கு எந்த மணி நேரத்தில் எவ்வளவு மின்சாரம் தர முடியும், என்ன விலைக்கு என்று எங்கள் கணினிக்கு அனுப்புகின்றன. வாங்குகிறவர்கள் தங்கள் தேவையை அனுப்புகிறார்கள். பத்து மணிக்குக் கதவு மூடும்; அதன் பிறகு வரும் எதையும் கணினி ஏற்காது. கணினி இரண்டையும் பொருத்தி, யார் ஓட வேண்டும், யார் நிற்க வேண்டும் என்று சொல்லும். அந்தக் கணினி ஒரு நாள் நின்றுவிட்டால்? அதற்காகத்தான் அல் ஐனில், ஊர் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில், அதே கணினியின் இன்னொரு நகல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதுதான் காத்திருப்பு மையம். இங்கே நடப்பதெல்லாம் அங்கேயும் நடக்கும். ஆனால் அங்கே நடப்பதை யாரும் பயன்படுத்த மாட்டார்கள். அதற்குக் காவலாக ஒரு ஷிஃப்டுக்கு ஒரே ஒரு ஆள்.

நினைத்துப் பாருங்கள். ஒன்றும் நடக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக ஒருவர் தினமும் வேலைக்குப் போகிறார். ஜன்னல் கிடையாது. பாதுகாப்பு விதிப்படி கைப்பேசியை வாசலில் கொடுத்துவிட வேண்டும். பேச ஆள் கிடையாது. ஏசி சத்தம் மட்டும். ஓராண்டு, ஈராண்டு அல்ல, தன் நடுவயதை முழுக்க ஒரு மனிதர் அந்த அறையில் கழித்தார். அவர் இருக்கிறார் என்ற தைரியத்தில் நாங்கள் இங்கே டீ குடித்துக்கொண்டு, கிரிக்கெட் பேசிக்கொண்டு சந்தை நடத்தினோம்.

அந்த அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவே ஒரு நேரடித் தொலைபேசி இருந்தது. கதவு மூடுவதற்கு முன் தலைமை மையம் காத்திருப்பு மையத்தைக் கூப்பிட்டுக் குரல் கேட்க வேண்டும். அது விதி. "மெயின் பேசுகிறேன், கேட்கிறதா?" என்று நான் கேட்க வேண்டும். "ஸ்டாண்ட்பை கேட்கிறது" என்று அவர் சொல்ல வேண்டும். விதிப்படி பேச்சு அங்கே முடிந்துவிடும். ஜஸ்டஸ் அண்ணனுக்கு அங்கேதான் தொடங்கும். "நான் இஞ்ச இருக்கியேன் மக்களே. காலத்த எதாவது தின்னியளா?" என்பார். இல்லை என்று சொன்னால் விடமாட்டார். "கரண்டு நாளைக்குத்தான் வேணும், வயிறு இன்னைக்கு இல்லியா?" என்பார். அவருக்குப் பயந்தே நான் காலையில் இட்லி சாப்பிட ஆரம்பித்தேன். என் கணவர் வருஷக்கணக்காகச் சொல்லி நடக்காத காரியம் அது.

அவர் சேவையை ஒரு சம்பவத்தில் சொல்ல வேண்டுமென்றால் சொல்கிறேன். ஒரு ஆகஸ்ட் மாதம். வெயில் உச்சம், எல்லா ஊரிலும் ஏசி உச்சம். காலையில் எங்கள் தலைமை மையத்தின் நெட்வொர்க் படுத்துவிட்டது. திரைகள் எல்லாம் கறுப்பு. நான் தொலைபேசியை எடுத்தேன். எல்லாம் போய்விட்டது அண்ணே என்றேன். "நான் எடுத்துக்கிடுதேன். நீங்க உக்காருங்க" என்றார். அவ்வளவுதான். சந்தை அவர் கைக்குப் போய்விட்டது.

அன்று வந்த சிக்கல் என்ன தெரியுமா? வளைகுடாவில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய சிக்கல் அது. இங்கே பத்து மணி என்றால் குவைத்தில் ஒன்பது. தலைமைக் கணினி ஒவ்வொரு நிலையத்துக்கும் அதன் ஊர் நேரத்தைக் காட்டும்; காத்திருப்புக் கணினி இங்கே உள்ள நேரத்தை மட்டும் காட்டும். குவைத் நிலையத்துக்காரர் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே என்று அவருக்கு உறைத்தது. சுவரில் குவைத் நேரத்துக்கும் ஒரு கடிகாரம் மாட்டி வைத்திருந்தவர் அவர். மேசைத் தொலைபேசியை எடுத்து ஒவ்வொரு குவைத் நிலையத்தையும் கூப்பிட்டார். "பாய், ஆப்கா கடி மே நௌ பஜே, நௌ பஜே பந்த்" என்று, உங்கள் கடிகாரத்தில் ஒன்பது மணிக்கே மூடிவிடும் என்பதை அவருடைய குளச்சல் இந்தியில் சொன்னார். எல்லாருடைய விலையும் வந்து சேர்ந்தது. கதவு மூடியது. மறுநாள் எந்த ஊரிலும் ஒரு விளக்கு அணையவில்லை, ஒரு லிஃப்ட் நிற்கவில்லை. நாளிதழில் செய்தி இல்லை. யாருக்கும் தெரியவில்லை. தெரியாமல் போனதுதான் அவர் வெற்றி. அந்த வெற்றிக்கு எந்த ஊரில் யார் கைதட்டுவார்கள்?

ஒருமுறை நான் குடும்பத்தோடு அல் ஐன் போயிருந்தேன். அவரைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அவருக்கு டியூட்டி, எனக்கு அந்த மையத்துக்கு பாஸ் கிடையாது. முந்தின நாள் தொலைபேசியிலேயே ஒரு யோசனை சொன்னார். "கேட்டுக்கு வெளிய காரை நிறுத்தி, மேல உள்ள காமெராவுக்குக் கை காட்டுங்க. நான் உள்ள இருந்து பாத்துக்கிடுதேன்." அப்படியே செய்தோம். கொளுத்துகிற வெயிலில் நானும் என் கணவரும் பிள்ளைகளும் ஒரு கம்பத்தைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டு நின்றோம். காவலாளி எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார். மறுநாள் காலை அழைப்பில் சொன்னார். "சின்னவனுக்கு முன் பல்லு விழுந்திருக்கு, கண்டேன். நல்லா இருந்திச்சி மக்களே. வந்ததே நல்லா இருந்திச்சி." விதிப்படி பேச வேண்டியதைப் பேசிவிட்டு வைத்துவிட்டார்.

அவர் என்னைப் பார்த்திருக்கிறார். நான் அவரைப் பார்த்ததில்லை. அது எனக்கு இன்று வலிக்கிறது.

சென்ற ஆண்டு அந்த அழைப்பு விதியிலிருந்து எடுக்கப்பட்டது. நான் யாரையும் குற்றம் சொல்ல இங்கே வரவில்லை. மொழிபெயர்க்கும் நண்பரே, அதையும் பொது மேலாளரிடம் சொல்லுங்கள். புதிய மென்பொருள் வந்தது. காத்திருப்புக் கணினி நலமாக இருக்கிறது என்று அதுவே நொடிக்கொருதரம் எங்களுக்குச் சொல்லும். நலம் என்றால் எங்கள் திரையில் பச்சை. பரபரப்பான நேரத்தில் மனிதக் குரல் எதற்கு என்றார்கள். வேண்டும் என்று நான் எழுதினேன். கணினி சொல்வதைவிட மனிதர் சொல்வது எந்த வகையில் நம்பகமானது என்று பதில் வந்தது. என் மேசையிலிருந்த தொலைபேசியைக் கழற்றி ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டார்கள். அவர் அறையில் இருந்த தொலைபேசி மட்டும் சுவரிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்று அவருக்கு அடுத்த ஷிஃப்டில் வேலை பார்த்த மணிகண்டன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பகல் டியூட்டியில் அவரோடு சில நாள் பயிற்சிக்கு இருந்தபோது பார்த்தாராம். கதவு மூடும் நேரம் நெருங்கினால் ஜஸ்டஸ் அண்ணன் எழுந்து போய் ரிசீவரை எடுத்துக் காதில் வைப்பாராம். கொஞ்ச நேரம் கேட்பாராம். வைத்துவிடுவாராம். என்ன அண்ணே என்று கேட்டதற்கு, "லைனு கெடக்கு மக்களே, ஆளுதான் இல்ல" என்றாராம்.

அவர் மறைந்த அன்று நடந்ததை எல்லோரும் அறிவீர்கள். காலையில் டியூட்டிக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாலையில் மாற்றிவிட வந்த மணிகண்டன் திரைகளைப் பார்த்திருக்கிறார். எல்லாம் பச்சை. "அண்ணே தூங்குறாருன்னுதான் மேடம் நெனச்சேன். ஏசி ஜாஸ்தியா இருக்கேன்னு என் சால்வைய எடுத்துப் போத்திவிட்டேன். அப்பத்தான் கை பட்டுச்சு" என்று என்னிடம் சொல்லி அழுதார். அன்று பகல் முழுக்க எங்கள் திரையிலும் பச்சைதான். பச்சை என்றால் கணினி நலம். நாங்கள் அதைப் பார்த்து, அந்த அறையே நலம் என்று எடுத்துக்கொண்டோம். எங்களைப்போல் திரையைப் பார்த்தே பிழைக்கிறவர்களுக்குத்தான் இந்தத் தப்பு வரும்.

சகோதரி இன்பமணி அவர்களே, நீங்கள் போனில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "காலத்தேருந்து அந்தி வரைக்கும் அவியள ஒருத்தரும் கூப்பிடலியா மேடம்?" அன்று நான் பேச்சை மாற்றிவிட்டு வேறு ஏதேதோ ஆறுதல் சொன்னேன். இந்தச் சபையில், எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இல்லை. யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? மருத்துவர் சொல்ல முடியாது என்கிறார். பிழைத்திருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் உங்கள் கணவர் பகல் முழுவதும் தனியாக அப்படி இருந்திருக்க மாட்டார். கணினியைவிட மனிதர் எந்த வகையில் நம்பகமானவர் என்று என்னிடம் கேட்டார்களே, அதற்கு இதுதான் என் பதில்.

பொது மேலாளர் அவர்களே, நண்பரே, இனி சொல்வதை மட்டும் நிதானமாக மொழிபெயருங்கள். அந்த நாற்காலியில் இப்போது பகல் டியூட்டிக்கு மணிகண்டன் உட்கார்ந்திருக்கிறார். அதே நாற்காலி. இந்தக் கூட்டத்துக்கு வர அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. காத்திருப்பு மையத்தைப் பூட்டிவிட்டு வர முடியாதே. தன் சால்வையை எந்த நாற்காலியில் போர்த்தினாரோ, அதில் தனியாக உட்கார்ந்து பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காலை அழைப்பை மீண்டும் விதியில் சேர்க்க வேண்டும் என்று நான் எழுதிய கோரிக்கை உங்கள் மேசையில் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. வரும் என்று நம்புகிறேன்.

ஆனால் காத்திருக்க என்னால் முடியவில்லை. முந்தாநாள் ஸ்டோர் ரூமுக்குப் போய் அந்தத் தொலைபேசியைத் தேடி எடுத்தேன். பழைய கீபோர்டுகளுக்கு அடியில் கிடந்தது. துடைத்து என் மேசையில் மாட்டினேன். கதவு மூடுவதற்குச் சற்று முன் எடுத்தேன். நெடுநேரம் மணி போனது. அந்தத் தொலைபேசி ஒலித்ததையே மணிகண்டன் கேட்டதில்லை. எங்கிருந்து சத்தம் வருகிறது என்று தேடியிருக்கிறார். கடைசியில் எடுத்து, "ஹலோ, யாரு?" என்றார்.

"மெயின் பேசுகிறேன், கேட்கிறதா?" என்றேன்.

"கேக்குது மேடம்."

விதிப்படி வைத்துவிட வேண்டியதுதான். என் வாயில் தானாக வந்தது. "காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

அவர் சொன்னார். "இல்ல மேடம். அன்னிலேர்ந்து இந்த ரூம்ல என்னால சாப்பிட முடியல."

"இன்னைக்குச் சாப்பிடுங்க. நான் போன வைக்க மாட்டேன், நீங்க சாப்பிடுங்க" என்றேன். டிபன் பாக்ஸைத் திறக்கும் சத்தம் கேட்டது.

இன்பமணி அவர்களே, உங்கள் கணவர் பார்த்த வேலையை எங்களால் முடிந்தவரை தொடர்வோம். சந்தையைப் பார்த்துக்கொள்ள கணினிகள் இருக்கின்றன. சாப்பிட்டாயா என்று கேட்கும் வேலை மட்டும் காலியாக இருக்கிறது. அதை நான் எடுத்துக்கொள்கிறேன். நான் விடுப்பில் போனால் என் இடத்தில் இருப்பவர் எடுத்துக்கொள்வார்; அந்த வாக்கை என் ஷிஃப்டில் ஒவ்வொருவரிடமும் வாங்கியிருக்கிறேன்.

ஐயா செய்கு முகம்மது அவர்களே, மன்னிக்க வேண்டும். மௌன அஞ்சலி வரை என்னால் இருக்க முடியாது. இன்று காலை அழைப்பை என் இடத்தில் இருப்பவர் பார்த்துக்கொண்டார்; மத்தியானத்திலிருந்து எனக்கு டியூட்டி, இப்போதே கிளம்பினால்தான் சரியாக இருக்கும். அல் ஐனில் ஒருவர் மத்தியானச் சாப்பாட்டு டிபன் பாக்ஸைத் திறக்காமல் என் அழைப்புக்காக உட்கார்ந்திருக்கிறார்.