தண்ணீர் ஒத்திகை

குடிநீரில் சாக்கடை கலந்ததாகப் புகார் வந்தால் முதலில் குழாயை அடைக்க வேண்டும், காரணம் பிறகு என்பது விதி.

ஆடி மாதம், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ். வளைகுடாவில் பெரிய விமான நிலையமொன்றின் தண்ணீர்ப் பிரிவிலிருந்து லீவில் வந்தவர் தங்கை கணவரிடம் சொன்னார்:

“தண்ணி கெட்டுப்போச்சுன்னு மாசம் ஒருநா நடிப்போம், மாப்ளே. பத்து நிமிசத்துல எல்லாக் குழாயும் அடைச்சிருக்கணும்.”

“இங்கன நெசமாவே கெட்டுருக்கு, மச்சான். நகராட்சில நல்லாருக்குன்னு நடிக்குதாவ. எம்மவ ஆஸ்பத்திரில கெடக்கா.”

“மனு குடுத்தியாலே?”

“குடுத்தாச்சு. குழாய அடைச்சா சனங்க கேள்வி கேக்குமாம்.”

மூன்று மாதம் கழித்து அதே பஸ்ஸில் மாப்பிள்ளை தனியாக, ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார்: “புள்ள தேறிட்டா, மச்சான். குழாய இன்னும் அடைக்கல. பதில் இன்னைக்குத்தான் வந்துச்சு. ஆடில வந்த தண்ணில ஒரு பாட்டில் கொண்டாரணுமாம்.”

அன்று ஐப்பசி ஏழு.