கண்ணாடியிலதான் கோளாறு

இல்ல தம்பி, அப்படி மேலோட்டமா பாத்தா ஒண்ணும் தெரியாது. கண்ணப் படம் எடுக்குற இந்த மெஷினோட மூடிய இன்னொரு தடவ கழட்டுங்க. உள்ள ஒரு கண்ணாடி நெளிஞ்சு நெளிஞ்சு குடுக்குமே, அதுலதான் கோளாறு. நான் சொல்றேன், வேணும்னா பந்தயம் கட்டுங்க.

உங்க கம்பெனி ஆளுங்களே இப்படித்தான். வந்ததும் எல்லாம் சரியா இருக்கும்மான்னுட்டுப் பையத் தூக்கிருவீங்க. போன தடவ வந்தவரு, மெஷின் நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் லென்ஸ ஒழுங்கா தொடைக்கலன்னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! நான் தொடைக்கலயா? என் பொண்ணு மூஞ்சியக்கூட இவ்வளவு தடவ தொடைச்சு விட்டதில்ல. எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு, நீ உன்னத் தவிர உலகத்துல எல்லாத்தையும் குத்தம் சொல்லுவேன்னு. சொல்லிட்டுப் போறாரு.

இந்தப் படத்தப் பாருங்க. விழித்திரை. புள்ளி புள்ளியா தெரியுதுல்ல, எல்லாம் வெளிச்சத்த வாங்குற செல்லு. உக்காந்து எண்ணலாம், அவ்வளவு சுத்தமா இருக்கு. இப்ப இதே படத்துல இந்த ஓரத்துக்கு வாங்க. ஈரக் கை பட்ட மை மாதிரி இழுவிக் கெடக்கா? ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, எது எதுன்னே தெரியல. இது நல்லா இருக்குன்னு மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க பாப்போம்.

யாரோட கண்ணுன்னா கேக்குறீங்க? ஒரு பேஷண்ட்டோடது. அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு, நீங்க மெஷினப் பாருங்க.

எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு மட்டும் நெனச்சுராதீங்க. ஒரே வெளிச்சத்த ரெண்டாப் பிரிக்கிறோம். ஒண்ணு கண்ணுக்குள்ள போகுது, ஒண்ணு தனியா ஒரு கண்ணாடிக்குப் போகுது. ரெண்டும் திரும்பி வந்து சேரும்போது எது எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு புட்டுப் புட்டு வச்சுரும். ஆழத்துல மெஷின் கில்லாடி, ஒத்துக்கறேன். ஆனா பக்கத்துப் பக்கத்துல இருக்குற ரெண்டு புள்ளியப் பிரிச்சுக் காட்டணும்னா வெளிச்சம் ஊசிமுனையா போய் விழணுமே. யாரு கண்ணு சீரா இருக்கு? கருவிழி ஒரு கோணல், உள்ள இருக்குற லென்ஸ் ஒரு கோணல். நுழையும்போதே ஊசிமுனைக்கு வால் மொளச்சுருது. அந்தக் கோணலுக்கு எதிர்க்கோணலா நெளியத்தான் இன்னொரு கண்ணாடி, இதோ நீங்க தடவிக்கிட்டு இருக்கீங்களே, இது. இது சரியா நெளியலன்னா படம் இழுவும். சரிதானே? அப்ப மாத்திட்டுப் போங்க, முடிஞ்சுது.

அப்படின்னா படம் பூராவும் இழுவணுமா? அப்படி ஒண்ணும் சட்டம் இல்லையே. நடுவுல சரி பண்ணிட்டு ஓரத்த விட்ருக்கும். விடாதா? விடும் தம்பி, நீங்களும் நானும் பாக்காததா.

சோதிக்கன்னு நீங்க கொண்டாந்த பொம்மைக் கண்ணுல நல்லாத்தான் தெரியும், ஏன் தெரியாது? பிளாஸ்டிக்கு. அது சிமிட்டுமா, கலங்குமா, ராத்திரி பூரா தூங்காம காலையில வந்து நிக்குமா?

மத்த பேஷண்ட்டா? நேத்து வந்தவங்க எல்லாருக்கும் நல்லாத்தான் வந்துச்சு.

பார்வைய நகத்திப் பாத்தீங்களான்னு அடுத்து கேப்பீங்க, தெரியும். பாத்தேன். மெஷின்ல குத்தம்னா அந்த இழுவல் திரையில நின்ன எடத்துலயே நிக்கணும். கண்ணு திரும்பினா கூடவே வரக் கூடாது. கொஞ்சம் வந்துச்சு. கொஞ்சம் வந்தா அது ஒரு கணக்கா? சரி, அப்படிப் பாக்காதீங்க. பூராவும்தான் வந்துச்சு.

ஒரு நட்டு லூசா இருக்குன்னாவது சொல்லுங்களேன் தம்பி. உங்களுக்கு என்ன கொறஞ்சிரும்?

பாத்ரூம் கதவு நிலை வளைஞ்சு தெரியுதுன்னு போன வாரம் கார்பெண்டர வரச்சொன்னேன். அவரு மட்டம் வச்சுப் பாத்துட்டு, நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கும்மான்னாரு. அவர்கிட்டயும் இப்படித்தான் மல்லுக்கு நின்னேன். பாவம், காசே வாங்காம ஓடிட்டாரு.

அந்தப் பேஷண்ட்ட வரச்சொல்லணுமா? எங்க வரச்சொல்றது. காலையில ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி முதல் படம் என் கண்ணத்தான் எடுப்பேன், மெஷின் சரியா ஓடுதான்னு பாக்க. மெஷினச் சோதிக்கத்தான் தம்பி கண்ண வச்சேன். என்னையச் சோதிக்க இல்ல.

பயமாத்தான் இருக்கு. வெளிய சொல்லல, வீட்லயும் சொல்லல. இந்தக் கண்ண விட்டா வேற என்னத்த வச்சுப் பொழைக்கிறது?

கொஞ்சம் நகருங்க. ம், தாடைய வச்சுட்டேன். அசைய மாட்டேன், நீங்களே எடுங்க. எடுத்துட்டு எனக்குக் காட்ட வேணாம், டாக்டரம்மாவக் கூப்பிடுங்க.