கேம் ஓடாத கம்ப்யூட்டர்

சேலத்திலிருந்து மல்லசமுத்திரம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் மடியில் ஒரு சின்ன லேப்டாப் பெட்டி இருந்தது. இளையவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"கடைக்கு வர்றவங்க எல்லாம் வேகமா ஓடுறதா கேப்பாங்க. நீங்க கேம் ஓடாததா குடுங்கன்னு கேட்டீங்களேக்கா! கடைக்காரர் முழிச்ச முழி இருக்குதே!"

"முழிக்கட்டும். கேம் ஓடுச்சுன்னா பையன் புடுங்கிக்குவான்."

"அதுக்குன்னு இத்துனூண்டா? டிபன் பாக்ஸ் மூடியாட்டம் இருக்குதுங்க."

"பெருசா இருந்தா ஊட்டுக்காரர் கிரிக்கெட் பாக்க ஒக்காந்துக்குவாரு. இதுல கண்ணாடி போட்டாலும் அவருக்கு ஸ்கோர் தெரியாது."

"அப்ப நீங்க என்னதான் பண்ணுவீங்க?"

"சேலை ஆர்டர் பாப்பேன். கரண்டு பில்லு கட்டுவேன். மத்தியானம் ஒரு படம் பாப்பேன். ஊட்டுல ஒருத்தரும் குடுன்னு கேக்க மாட்டாங்க."

ஆட்டையாம்பட்டி தாண்டியபோது சிரிப்புச் சத்தம் நின்றிருந்தது. இளையவர் பெட்டியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்கக்கா, பக்கத்துலயே நீலக் கலர்ல இன்னொண்ணு இருந்துச்சே. அதுலயும் கேம் ஓடாதுங்களா?"