வகுப்புக்கு வந்த நாய்

“இன்னைக்கு எம்புள்ளை வகுப்புக்கு நாயைக் கூட்டிட்டு வர்றாங்களாமுங்க அக்கா. அதைத் தடுக்கத்தான் போறேன்.”

மஞ்சூர் பேருந்தில் எனக்கு முன் இருக்கையிலிருந்த இளம்பெண், பக்கத்திலிருந்த அம்மாளிடம் சொன்னாள்.

“நாய்க்குப் பள்ளிக்கூடத்துல என்ன வேலை?”

“பழக்கின நாயாமுங்க. பயந்துபோன குழந்தைங்க அதைத் தடவிக் குடுத்தா மனசு தெளியுமாம். எங்க ஊட்டு நாயைச் சிறுத்தை தூக்கிட்டுப் போனதை எம்பொண்ணு சன்னல்ல நின்னு பாத்துட்டா. அன்னையிலிருந்து ஒரு வார்த்தை பேசறதில்லைங்க. மறுபடி நாயைக் கண்டா என்ன ஆவாளோ!”

அப்போது அவளுடைய செல்போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

“டீச்சருங்க அக்கா. நாய் வந்துருச்சாட்ட இருக்குது.”

“எடு கண்ணு, என்னன்னு கேளு.”

பேருந்து கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. சிக்னல் விட்டுவிட்டு வர, அவள் இரண்டு மூன்று முறை “ஹலோ, ஹலோ” என்று கத்தினாள். பிறகு போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

“புள்ளை அழுவுறாளா?” என்று பதறினார் அந்த அம்மாள்.

“பேசிட்டாளாமுங்க அக்கா. அந்த நாய் காதுக்கிட்டப் போயி, ‘ராத்திரி வெளிய படுக்காத, உள்ள வந்துரு’ன்னு சொன்னாளாம்.”