விசிறியை நிறுத்திய கை

முப்பது ஆண்டுகள் கொதிகலனோடு போட்டி போட்டுப் பேசியே குரலை வளர்த்து, இன்று அந்தக் குரலாலேயே இந்த அவையைக் கட்டி ஆளும் எங்கள் தலைவர் அவர்களே! நாற்றுத் தட்டுகளைச் சுமந்து சுமந்து தோள் தேய்ந்தாலும் தலை தாழாத மூத்தோர்களே! எத்தனை முறை கழுவினாலும் பச்சை வாசம் விட்டுப்போகாத பசுங்கைகளுக்குச் சொந்தக்காரர்களான தாய்மார்களே! உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் லாரித் தோழர்களே! முன்வரிசையில், மூன்றாவது நாற்காலியில், “இவன் என்னத்த உளறப்போறானோ” என்று என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் உடன்பிறந்த அக்கா அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த விசிறி மெக்கானிக்கின் நெஞ்சம் நிறைந்த வணக்கம்!

சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொண்டே வியர்வையையும் துடைக்கிறீர்கள். மைக்கில் இரைச்சல் வருகிறது என்று விழாக் குழுவினர் விசிறிகளை நிறுத்திவிட்டார்கள்; வெளிச்சத்தம் கேட்கிறது என்று சன்னல்களையும் சாத்திவிட்டார்கள். விசிறி மெக்கானிக் பேசும் மேடையில் விசிறி ஓடவில்லை! என்ன சொல்கிறீர்கள் அம்மா? “போடச் சொல்லுப்பா” என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள் தாயே. அந்த வியர்வை எனக்கு வேண்டும். என் பேச்சின் பாதியை அதுதான் பேசப்போகிறது.

பசுங்குடில் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு விழாவில் எல்லோரும் சாதனையைப் பேசினார்கள். நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். கண்ணாடிக் கூரைக்குக் கீழே, மண்ணே இல்லாமல், குழாயில் ஓடும் தண்ணீரில் லெட்டூஸ் கீரை வளர்க்கும் நம் மூன்றாம் குடிலைச் சாகக் கிடத்தியது யார்? பூச்சியா? இல்லை. வெயிலா? இல்லை. இந்தக் கைதான்! ஸ்க்ரூ டிரைவர் பிடித்த இந்தக் கைதான்!

நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் குடிலின் மேற்பார்வை என் அக்காவுடையது. அவருக்குக் கீழே பதினொரு பெண்கள். கோடை தொடங்கிய வாரம், நடுப்பகலில் இளம்பயிர் தலை தொங்கியது. அக்காவுக்குத் தாங்கவில்லை. நேரே என் பட்டறைக்கு வந்தார்.

“டேய், உன் விசிறி எட்டும் பிள்ளைங்க உடம்புல இருக்கிற தண்ணிய உறிஞ்சி எடுக்குது. கழட்டிப் போடு.”

“அக்கா, அது காத்து ஓடுறதுக்காக வச்சது.”

“நீ மோட்டாரப் பாரு, நான் செடியப் பாக்குறேன். கழட்டுறியா, இல்ல நான் ஏணிய எடுக்கட்டுமா?”

அக்கா ஏணியை எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எட்டு விசிறிக்கும் வயரைக் கழற்றினேன். கூடவே, பனிபோல் நீர் தூவும் குழல்களையும் பொருத்திக் கொடுத்தேன். கூரைக் கதவுகளைச் சாத்தினோம். உள்ளே நுழைந்தால் முகமெல்லாம் ஈரம். ஆகா! அந்தப் பயிர் வளர்ந்த வளர்ச்சியைப் பார்க்க வேண்டுமே! தலை தொங்கவில்லை, தளதளவென்று தழைத்தது! பக்கத்துக் குடில்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நானும் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

நான்காவது வாரம் அறுவடை. கத்தி வைத்துப் பிளந்தார்கள். வெளியிலே வளம்; உள்ளே வாட்டம்! நடுக்குருத்தின் ஓரமெல்லாம் சூட்டுக்கோல் வைத்துத் தேய்த்தாற்போலப் பழுப்பு. ஒன்றிரண்டு இல்லை தோழர்களே, குடில் முழுக்க!

சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றார்கள். தண்ணீரிலே சுண்ணாம்புச் சத்தை இரட்டிப்பாக்கினார் அக்கா. இரண்டாவது பயிரும் அதே பழுப்பு. மூன்று மடங்காக்கலாமா என்று கேட்டபோது மேலாளர் வந்தார். கோபக்காரர் இல்லை, மெதுவாகத்தான் பேசினார்.

“மூணாவது தடவையும் இப்படி ஆச்சுன்னா குடிலப் பிரிச்சிடுவோம்மா. பதினோரு பேருக்கும் வேற இடம் என்கிட்ட இல்ல. நீங்க பெட்டி கட்டுற பக்கம் போயிடுங்க.”

இருபத்தாறு ஆண்டுகள் செடியோடு நின்ற ஒரு பெண்ணைப் பெட்டி கட்டப் போ என்றால் அந்த மனம் என்ன பாடுபடும்? அக்கா அழவில்லை. வீட்டுக்கு வந்து, உட்காராமல், கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

உண்மை எங்கே உதித்தது தெரியுமா? ஆராய்ச்சி நூலிலா? அறிஞர் அவையிலா? என் அழுக்குச் சட்டையிலே உதித்தது! ஆம், சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! மறுநாள் காலை எண்ணெய்க் கறை பட்ட சட்டையைக் கசக்கி, மூன்றாம் குடிலின் கம்பியிலே போட்டுவிட்டுப் போனேன். கண்ணாடிக் கூரை, கொளுத்தும் வெயில், ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடாதா? மாலையில் வந்து தொட்டேன். சொட்டச் சொட்ட ஈரம்! அங்கேயே நின்றேன். காலையில் போட்ட சட்டையே இங்கே காயவில்லை என்றால், இந்த இலை எப்படிக் காயும்? இலையிலிருந்து ஈரம் போகவில்லை என்றால், வேரிலிருந்து ஈரம் ஏன் ஏறும்?

ஓடினேன். இரண்டு பாட்டில் நிறையத் தண்ணீர் பிடித்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு செடியின் வேரை இறக்கி, வாயை மெழுகால் அடைத்தேன். நீர்மட்டத்திலே பேனாவால் கோடு போட்டேன். அடுத்த நாள் காலை ஒன்றைக் குடிலின் மூலையிலே வைத்தேன். மற்றொன்றைப் பட்டறை வாசல் வெளிச்சத்தில், மேசை விசிறி முன்னே வைத்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். விசிறி முன்னே இருந்ததில் தண்ணீர் இரண்டு விரல் அளவு இறங்கியிருந்தது. குடிலிலே இருந்ததில் கோட்டை விட்டு அசையவே இல்லை!

“இது குடிக்கவே இல்லையேடா!”

“வெளிய விட்டாத்தானேக்கா குடிக்கும்!”

அவையோரே! வேரிலே மோட்டார் இருக்கிறதா? நானே மோட்டார்காரன், தேடிப் பார்த்துவிட்டேன். அப்படி ஒன்று இல்லை! பிறகு நீரை இழுப்பது யார்? இலை! இலையிலிருந்து ஒரு துளி ஆவியாகி வெளியேறினால், அது தனக்குப் பின்னால் இருக்கும் துளியை இழுக்கிறது. அந்தத் துளி அடுத்ததை இழுக்கிறது. இப்படி இழுத்து இழுத்து, வேரின் நுனிவரை ஒரே நீர்ச்சரம்! அந்தச் சரம் ஏறும்போதுதான் சுண்ணாம்புச் சத்தும் சவாரி செய்து ஏறுகிறது. அதற்கு வேறு வண்டி கிடையாது! வெளியிலைகள் மூடிப் பொத்தி வைத்திருக்கும் நடுக்குருத்துக்குக் காற்றே எட்டாது. அங்கே ஈரம் போகவில்லை; எனவே நீர் ஏறவில்லை; எனவே சத்து சேரவில்லை. தொட்டி நிறையச் சுண்ணாம்புச் சத்து, குருத்திலே பட்டினி! நாங்கள் கரைத்துக் கொட்டிய அத்தனையும் காலடியிலேயே கிடந்தது.

ஈரத்தை வெளியே விட இலைக்கு வாய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் அக்கா. நம் பண்ணை ஆய்வகத்தில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி வழி சொன்னாள். நிறமில்லாத நகப்பூச்சை இலையின் அடியிலே தடவி, காய்ந்ததும் உரித்தெடுத்து, நுண்ணோக்கியில் வைத்தால் அச்சு அப்படியே தெரியுமாம். நகப்பூச்சுக்கு எங்கே போவது? பதினொரு பேரில் ஒருவர் கூச்சத்தோடு பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். யார் என்று சொல்லமாட்டேன். அவரே முகத்தை மூடிக்கொண்டு காட்டிக்கொடுத்துவிட்டார்!

அக்கா கண்ணை வைத்தார். “அய்யோ, என்னடி இது! அவரை விதை ரெண்டு எதிரும் புதிருமா ஒட்டிக்கிட்டு நிக்குது. நடுவுல சந்து. எத்தன ஆயிரம் வாய்!”

அந்த இரண்டு விதைகள்தான் வாயிற்காவலர்கள். தண்ணீர் குடித்து அவை பருத்தால் வாசல் திறக்கும். தண்ணீர் இழந்து தளர்ந்தால் வாசல் மூடும். எங்கள் குடிலிலே வாசல்கள் எல்லாம் திறந்துதான் இருந்தன. திறந்து என்ன பயன்? இலைக்கு வெளியே இருந்த காற்றே ஈரத்தால் நிரம்பி நின்றது. உள்ளே இருந்த ஈரத்துக்குப் போக இடமில்லை. இப்போது புரிகிறதா தாயே, உங்கள் வியர்வை ஏன் காயவில்லை என்று?

உடனே எட்டு விசிறியையும் மாட்டினேன். மாட்டியதோடு விட்டேனா? இத்தனை நாள் நிறுத்திவைத்த பாவத்துக்குப் பரிகாரமாக, எட்டையும் முழு வேகத்தில் ஓடவிட்டேன்! இதுதான் என் இரண்டாவது குற்றம். நடுப்பகலில் இளம்பயிர் அத்தனையும் படுத்துவிட்டது.

“முதல்ல மூச்ச அடைச்சுக் கொல்லப் பாத்த, இப்ப காயவச்சுக் கொல்லுறியா?” என்று அக்கா கத்திய கத்தல் நம் தலைவரின் கொதிகலனுக்கே கேட்டிருக்கும்.

மீண்டும் நகப்பூச்சு. மீண்டும் நுண்ணோக்கி. ஆகா, என்ன காட்சி! ஒரு வாய்கூடத் திறக்கவில்லை! வேரால் ஏற்ற முடிந்ததைவிட இலை இழந்தது அதிகம். தாகம் வந்ததும் செடியே ஒரு வேதிப்பொருளை உண்டாக்கி வாசலுக்குச் சேதி அனுப்பிவிட்டது: மூடு! மூளை இல்லை, நரம்பு இல்லை, மேற்பார்வையாளர் இல்லை. ஆனால் ஆயிரமாயிரம் வாசலும் சேர்ந்து மூடின! சாகாமல் தன்னைத் தானே காத்துக்கொண்டது அந்தப் பச்சைப் பிள்ளை! ஆனால் மூடியே இருந்தாலும் ஆபத்து. நீர் வெளியேறும் அந்த வாசல் வழியாகத்தான், உணவு சமைக்க வேண்டிய கரியமில வாயுவும் காற்றிலிருந்து உள்ளே வரவேண்டும். மூடினால் பட்டினி, ஒரேயடியாகத் திறந்தால் தாகம். இந்த இரண்டுக்கும் நடுவே நாளெல்லாம் கதவைத் திறந்து, சாத்தி, ஒருக்களித்து, ஒவ்வோர் இலையும் வாழ்கிறது.

அந்த நடு எங்கே இருக்கிறது? என் மீட்டரிலே இல்லை. அக்காவின் விரலிலே இருந்தது! தன் சட்டைக் கையிலிருந்து ஒரு நூலை இழுத்தார். குருத்துக்கு ஒரு சாண் மேலே கம்பியிலே கட்டினார்.

“வேகத்தக் குறை. இன்னும் குறை. நூல் பறக்கக்கூடாது, சும்மா தொங்கவும் கூடாது. தூங்குற பிள்ளையோட நெஞ்சு மாதிரி ஏறி ஏறி இறங்கணும். ம்… நிறுத்து. இதுதான்.”

பதினொரு வரிசைக்கும் பதினொரு நூல். வரிசைக்கு ஒரு பெண் காவல். வெயில் ஏற ஏற நூலைப் பார்த்துக் குரல் கொடுப்பார்கள். நான் வேகத்தை மாற்றுவேன். கூரைக் கதவைக் காலையில் கொஞ்சமாக, பகலில் பாதியாகத் திறந்தோம். நீர் தூவும் குழல்களை அளவாக அடக்கினோம். முப்பத்திரண்டு நாள்! தோழர்களே, என் கல்யாணத்துக்குக்கூட நான் அப்படி நாள் எண்ணவில்லை!

அறுவடை நாள். மேலாளர் வந்தார். முன்வரிசைக் கீரையை நீட்டினோம், அவர் தொடவில்லை. காற்று குறைவாக எட்டும் கடைசி மூலைக்குப் போய், தானே ஒரு கீரையைப் பிடுங்கினார். கத்தியை எடுத்தார். அக்கா கீரையைப் பார்க்கவில்லை; தலையை நிமிர்த்தி அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தி இறங்கியது. இரண்டாகப் பிளந்தது.

பழுப்பு இருந்ததா? இல்லை! ஒரு பொட்டு? இல்லை! ஓர் ஊசிமுனை? இல்லவே இல்லை! வெளிறிய பச்சையிலே, அன்று ஈன்ற கன்று போல ஈரமாய், இளமையாய், இதழ் இதழாய்க் குருத்து! அவர் இன்னும் நான்கை வெட்டினார். நான்கும் அப்படியே. ஐந்தாவதன் குருத்தைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். பதினொரு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்… நான் பெண் இல்லை, இருந்தாலும் நின்றேன்! மேலாளர் கேட்டார்:

“உப்பு இருக்கா?”

குடில் நிற்கிறது தோழர்களே! அந்தப் பதினொரு பேரும் இங்கேதான் இருக்கிறார்கள். எழுந்து நில்லுங்கள் அம்மா, எழுந்து நில்லுங்கள்! அவையோரே, கை தட்டுங்கள்! இன்னும் பலமாக!

போதும், போதும், தலைவர் மணியை எடுத்துவிட்டார். ஒன்றே ஒன்று. அன்பினாலேதான் நாங்கள் அந்தக் கதவுகளைச் சாத்தினோம். ஒரு துளிகூடப் போகக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்தோம். பொத்தியதாலேயே பட்டினி போட்டோம். விட்டால்தான் ஏறும் என்று இலை எங்களுக்குக் காட்டியது. எவ்வளவு விடவேண்டும் என்று என் அக்கா காட்டினார். விசிறியை நிறுத்தச் சொன்னதும் அவர்தான். தவறு என்று தெரிந்ததும், பதினொரு பேர் முன்னால், “தப்பு என்னோடது” என்று சொன்னதும் அவர்தான். அதை இந்த ஊர் கேட்க வேண்டும் என்றுதான் மேடை ஏறினேன்.

அதோ, வாசல் பக்கத்துச் சுவரில் விசிறிகளின் ஸ்விட்ச் இருக்கிறது. மைக்கில் இரைச்சல் வந்தால் வரட்டும்! சன்னல் ஓரத்தில் இருப்பவர்கள் சன்னலைத் திறந்துவிடுங்கள்! அக்கா, எழுந்து வாருங்கள். அன்றைக்கு நிறுத்தச் சொன்ன உங்கள் கையாலேயே இன்றைக்குப் போடுங்கள்… வழி விடுங்கள், வழி விடுங்கள்… என்ன அக்கா கேட்கிறீர்கள்? “எத்தனையில வைக்கட்டும்” என்றா?

என்னையா கேட்கிறீர்கள்! உங்களுக்குத் தெரியாததா அக்கா!

ஆ… வருகிறது காற்று! பொறுமையோடு வியர்த்த உங்கள் அனைவருக்கும் நன்றி. நூலைப் பார்த்து நின்ற அந்தப் பதினொரு சகோதரிகளுக்கு நன்றி. விசிறிச் சத்தத்தில் இனி நான் சொல்வது உங்களுக்குக் கேட்காது. ஆகவே கை கூப்புகிறேன். வணக்கம்!